திரிஞ்ச ரத்தம்

ஜன்னல் கம்பியில கைய வெக்காதே அம்மிணி. அந்தச் செவப்புக் கறையப் பாரு. எவனோ வெத்தலையக் குதப்பித் துப்பி வெச்சிருக்கறான். சீ, கருமம். சித்தெ இந்தப் பக்கம் தள்ளி உக்காரு. காலை மட்டும் பார்த்து வெய்யி, கீழ என்ற கூடை இருக்குது.

நான் மூலனூர்ல எறங்கோணும். நீ தாராபுரமா? செரி, அப்பப் பேசிட்டே போலாம். கடலை வேண்டாங் கண்ணு. நான் பஸ்சுல எதையும் திங்கறதில்ல. உன்னையக் குத்தம் சொல்லுல. காசு வாங்கின கை, மூக்கைத் தொடைச்ச கை, அதே கையில பொட்டலம் மடிச்சுக் குடுப்பான். நெனச்சாலே எனக்குக் கொமட்டிக்கிட்டு வரும். பண்ணையில எனக்குத் தனி டம்ளரு. பதினோரு வருஷமாத் தனி டம்ளரு. மத்தவங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

என்ன, சத்தமா? கூடைக்குள்ள சாவலு. சாமிக்கு விட்டது. ஒண்ணும் பண்ணாது, பயப்படாதே.

பரமத்தி வேலூருக்குப் பக்கத்துல சென்னியப்பன்னு ஒருத்தரு. அவரு பண்ணையிலதான் இருந்தேன். நீ நெனைக்கற மாதிரி முட்டைக்கோழியும் இல்ல, கறிக்கோழியும் இல்ல. தாய்க்கோழிப் பண்ணை. அதுக போடற முட்டைய மெஷின்ல வெச்சுப் பொரிச்சு, குஞ்சாக்கி ஊரூருக்கு அனுப்புவாங்க. அறுநூறு பொட்டை, அறுபது சாவல். எல்லாம் ஒரே கொட்டகையில உமி மேல ஒண்ணாத் திரியும். கேட்டுல இருந்து கொட்டகை வரைக்கும் சுத்தபத்தம் பூராவும் இந்தத் துளசிமணி பொறுப்பு.

கேட்டுல ஒரு தொட்டி. அதுல மருந்துத் தண்ணி. யாரா இருந்தாலும் காலை முக்கிட்டுத்தான் உள்ள வரோணும். ஒருநா மொதலாளியே வெறப்பா வந்துட்டாரு. "ஏனுங், நீங்களே முக்காம வந்தா நோயி என்ற பேச்சைக் கேக்குமுங்களா"ன்னு கேட்டுப்போட்டேன். திரும்பிப் போயி முக்கிட்டு வந்தாரு. "வெளி ஆளும் வெளிக்கோழியும் உள்ளே வரக்கூடாது"ன்னு போர்டு இருக்கும். பெயிண்டு டப்பாவ வெச்சுக்கிட்டு நானே எழுதினது.

அப்படி வெச்சிருந்த எடத்துக்குத்தான் நோயி வந்துச்சு.

கோழிக்கு ஒண்ணுமே இல்ல பாத்துக்க. நல்லாத் திங்கும், முட்டை போடும், கொண்டை செவசெவன்னு இருக்கும். ஆனா பொரிச்ச குஞ்சு சாவுது. வாங்கிட்டுப் போனவங்க போனு மேல போனு. நாலு நாள்ல, அஞ்சு நாள்ல, பின்னாடி வெள்ளையா ஒட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டுக் கூனிக்கிட்டே சாவுது. ஒருத்தன் செத்த குஞ்சையெல்லாம் சாக்குல கட்டிக்கிட்டு வந்து கேட்டு முன்னாடி கொட்டிட்டுப் போனான். அந்த நாத்தத்துல எனக்கு மூணு நாளைக்குச் சோறு எறங்குல. நான்தான் அள்ளினேன், வேற எவன் அள்ளுவான்?

டாக்டரு வந்து பார்த்துட்டு, இது தாய்க்கோழி ரத்தத்துல இருந்து முட்டை வழியா எறங்கற நோயின்னு சொன்னாரு. வெளிய தெரியாதாம். எந்தக் கோழி வெச்சிருக்குதுன்னு ரத்தம் பார்த்தாத்தான் தெரியுமாம். ஒண்ணு விடாமக் குத்திப் பார்த்து, இருக்கறதைக் கழிச்சுட்டு, மாசம் கழிச்சு மறுபடி குத்தோணும். அடுத்தடுத்து ரெண்டு தடவை ஒண்ணுகூட இல்லைன்னு வந்தாத்தான் மந்தை சுத்தம். அதுக்கு ரத்தம் பாக்கற எடத்துல இருந்து ஒரு புள்ளைய அனுப்பினாங்க. தமயந்தின்னு பேரு. தேனிப் பக்கமாம். இருவத்தஞ்சு வயசுதான் இருக்கும்.

அந்தப் புள்ள வேலை செய்யறதை நீ பாக்கோணுமே, கண்றாவி. ராக்கியப்பன்னு எங்ககூட ஒருத்தன், அவன் கோழியப் புடிச்சு றெக்கைய விரிச்சுக் காட்டுவான். றெக்கைக்கு அடியில ஒரு நரம்பு ஓடுது பாரு, அதுல ஊசியால ஒரு குத்து. வர்ற சொட்டை எடுத்து வெள்ளைப் பீங்கான் ஓட்டு மேல வெப்பா. பக்கத்துல ஒரு சொட்டு ஊதா மருந்து. ரெண்டையும் கலக்கி, ஓட்டை இப்படி இப்படி ஆட்டுவா. நல்ல கோழின்னா மருந்து அப்படியே நிக்கும். நோயி இருந்தா ரெண்டு நிமிஷத்துல ஊதாவாத் திரிஞ்சு போயிரும், பால் திரியற மாதிரியே. அன்னிக்கிருந்து எனக்குத் தயிர்கூட எறங்குல அம்மிணி. நெசமாச் சொல்றேன்.

கையெல்லாம் ரத்தம். கோட்டுல ரத்தம். நகத்துக்குள்ள காஞ்ச ரத்தம். மத்தியானம் கையக் கழுவிட்டுச் சாப்புட உக்காருவா, கழுவுவா, இல்லைன்னு சொல்லுல. ஆனா அந்த நகத்துல அது போகுமா? என்னையப் பார்த்து "அக்கா, கொஞ்சம் எலுமிச்சஞ்சாதம் சாப்பிடுங்க"ன்னு டப்பாவ நீட்டினா. நான் எந்திரிச்சு அந்தாண்ட போயிட்டேன்.

மொதத் தடவை இருவத்தொண்ணு திரிஞ்சுது. கழிச்சாங்க. ரெண்டாவது தடவை எட்டு. அந்தப் புள்ளைக்கு ஒரே சந்தோஷம். "அடுத்த தடவை ஒண்ணுகூட இருக்காதுக்கா, பாருங்க"ன்னு என்ற தோள்ல கைய வெச்சா. ரத்தக் கை. வீட்டுக்குப் போயித் தலைக்கு ஊத்திக்கிட்டேன்.

மூணாவது தடவை பதினேழு.

அப்பிடியே தரையில உக்காந்துட்டா. கொறைய வேண்டியது ஏறுது. கையில இருந்த பீங்கான் ஓட்டையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தவ, என்னையப் பார்த்து மெதுவாக் கேட்டா, "அக்கா, நான் குத்தாத கோழி ஏதாச்சும் இங்க இருக்கா?"

எனக்கு வந்துச்சு பாரு கோவம். "அறுநூறு பொட்டையும் அறுபது சாவலும் பண்ணைக் கணக்கு. அத்தனையவும் நீதானே குத்தினே"ன்னேன். பொய்யா? பண்ணைக் கோழி ஒண்ணு விடாம அவதான் குத்தினா.

கூடையில இருக்குதே, இந்தச் சாவல் பண்ணைக் கணக்குல வராது அம்மிணி. அது என்ற சொந்தச் சாவல்.

எப்படின்னா, இந்த மந்தை மொதமொத முட்டைக்கு வந்தப்ப, பண்ணை எல்லையில இருக்கற முனியப்பங்கிட்ட நான் வேண்டிக்கிட்டேன். இந்தக் கொட்டகைக்கு ஒரு நோய் நொடி வராமப் பாத்துக்க, ஆடி மாசம் உனக்கு ஒரு சாவல் அறுக்கறேன்னு. நேந்துக்கறதுன்னா நம்ம பொருளா இருக்கோணும். மொதலாளி கோழிய எடுத்து நான் சாமிக்கு நேர முடியுமா? அதனால சந்தைக்குப் போயி, நூறு சாவல்ல இதைப் பொறுக்கி எடுத்தேன். எத்தனை கைகிட்ட மாறி வந்துச்சோ, அந்தச் சந்தைச் சேத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டாந்து மஞ்சத் தண்ணி ஊத்தித் தொடைச்சு, பொட்டு வெச்சு, முனியப்பன் முன்னாடி காமிச்சுட்டு, கொட்டகையில விட்டேன். எந்தக் கொட்டகைக்காக நேந்தமோ அங்கதான் அது நடமாடோணும். கட்டி வெக்கக் கூடாது. ஊருல கோயிலுக்கு நேந்த கெடாயக் கட்டியா வெக்கறாங்க? காடு காடா மேயறதில்ல?

போர்டைக் கேக்கறியா? சாமிக்கு விட்டது வெளிக்கோழி ஆகுமா அம்மிணி? என்ன பேச்சுப் பேசறே. அப்பவும் நான் சும்மா விடுல. கேட்டுல வெச்சு அது காலையும் தொட்டியில முக்கினேன். ரெண்டு காலையும். ராக்கியப்பன் பார்த்துச் சிரிச்சான்.

அது உள்ள போன அழகு இருக்குதே, அறுபது சாவலும் ஒதுங்கிக்கிச்சு. பொட்டையெல்லாம் இது பின்னாடியேதான்.

அப்பறம் இந்த ரத்தம் பாக்கற கருமம் வந்துச்சு. நேந்ததை ஊசியால குத்தலாமா? அறுக்கற அன்னிக்கு முன்னாடி ஒரு சொட்டு ரத்தம் வெளிய வந்தாலும் அது சாமிக்கு ஆகாது, எச்சை. நம்ம கடிச்ச பழத்தைச் சாமிக்குப் படைக்கற மாதிரி. அதனால குத்தற அன்னிக்கெல்லாம், அந்தப் புள்ள வர்றதுக்கு முன்னாடியே சாவலைத் தூக்கிக்கிட்டு வந்து வீட்டுல பஞ்சாரத்துல கவுத்துருவேன். பொழுதோட அவ கெளம்பினதும் மறுபடி கொண்டு போயி விட்டுருவேன். போகையிலயும் கால் முக்குவேன், வரையிலயும் முக்குவேன். சுத்தத்துல ஒரு கொறை வெக்குல.

என்ன மொகத்தை அப்படி வெச்சுக்கிட்டே? கடலை சொத்தையா?

செரி, கேளு. மூணாவது தடவை ஏறினதும் எனக்குப் புரிஞ்சு போச்சு. ஊசி. அந்த ஊசிதான் காரணம். ஒரு கோழியக் குத்தற ஊசிய அடுத்த கோழிக்கு வெக்கறா. நோயி அங்கிருந்து இங்க போகாதா? மொதலாளிகிட்டச் சொன்னேன். அவரு அவளைக் கூப்புட்டுக் கேட்டாரு. "ஒவ்வொரு குத்துக்கும் ஸ்பிரிட்ல தொடைக்கறேன் சார், துளசிமணி அக்கா பக்கத்துலதான் நின்னாங்க, கேளுங்க"ன்னா.

மொதலாளி என்னையப் பார்த்தாரு. "தொடைச்சாளா துளசிமணி?"

தொடைச்சா. நான் பார்த்தேன். பஞ்சை எடுத்து எடுத்துத் தொடைச்சா, ஸ்பிரிட்டு வாசம் கொட்டகை பூரா அடிச்சுது. ஆனா அந்த நேரத்துல எனக்கு அவ நகம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. "நான் கவனிக்கலீங்க"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். தொடைக்கலைன்னு சொல்லுல பாரு.

மறுநாள்ல இருந்து அவ வர வேண்டாம்னு சொல்லிட்டாரு. அனுப்பின எடத்துக்கும் போனு போட்டுச் சத்தம் போட்டாராம். அங்கயும் அவளை நிறுத்திட்டாங்க.

ஒரு மாசம் வேற வேலை தேடிப் பார்த்துட்டு, பெட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போற அன்னிக்கு, என்ற வீட்டுக்கு வந்தா. மழைக்கு நான் குடுத்த கொடையத் திருப்பிக் குடுக்கோணும்னு. பண்ணைக்கு உள்ளயே எனக்கு ஒரு ரூம்பு, வாசப்படிகிட்டப் பஞ்சாரம். அன்னிக்குப் பார்த்து சாவல் பஞ்சாரத்துல இருந்துச்சு. வேற ஆளு வந்து நாலாவது தடவை குத்திக்கிட்டு இருந்தாங்க, அதுக்காகக் கொண்டாந்து கவுத்திருந்தேன்.

கொடையக் குடுத்தவ அப்படியே நின்னுட்டா. "அக்கா, இது எப்ப இருந்து இருக்கு?"

"சாமிக்கு விட்டது."

"கொட்டகைக்குள்ள போகுமா?"

"கொட்டகைக்கு நேந்தது கொட்டகைக்குப் போகாம உங்க ஊட்டுக்கா வரும்?"

அவ மொகத்துல ரத்தமே இல்ல. அப்பறம் கீழ உக்காந்து பையத் தொறந்தா. ஊசி, ஓடு, ஊதா மருந்து, எல்லாம் அதுல இருக்குது. "ஒரே ஒரு சொட்டு அக்கா. ரெண்டு நிமிஷம். வேலை போயிருச்சு, அதுக்காகக் கேக்கல. நான் எங்க தப்புப் பண்ணினேன்னு எனக்குத் தெரியணும்"னா. கண்ணுல தண்ணி கொட்டுது. மூக்கைப் பொறங்கையால தொடைச்சுக்கிட்டு அதே கையில ஊசிய எடுக்கறா. சீ!

பஞ்சாரத்துக்கு முன்னாடி போயி நின்னுக்கிட்டேன். "என்னையக் குத்திட்டு அப்பறம் அதைக் குத்து"ன்னேன்.

உங்கிட்டச் சொல்றதுக்கென்ன, ஒரு நிமிஷம் எனக்கும் மனசு என்னவோ பண்ணுச்சு. ரெண்டு நிமிஷம்தானே, குத்தினாத்தான் என்ன, திரியாது, அவ மொகத்துல கரியப் பூசுன மாதிரி ஆகும்னு. அப்பறம், ஒருவேளை திரிஞ்சுட்டா என்ன பண்றதுன்னு ஒரு நெனப்பு. அப்படி நெனைக்கறதே சாமி குத்தம். கன்னத்துல போட்டுக்கிட்டேன். அவ பைய மூடிக்கிட்டுப் போயிட்டா.

போனவ சும்மா போனாளா? மொதலாளிக்குப் போனு போட்டுச் சொல்லியிருக்கறா, துளசிமணி அக்கா வெளிச்சாவலைக் கொட்டகையில விடறாங்க, அதுக்கு ரத்தம் பாருங்கன்னு. மொதலாளி என்ன சொன்னாருங்கறே? "துளசிமணியா? காலைக் கழுவாம என்னையவே உள்ள விடமாட்டா அவ"ன்னு சொல்லிச் சிரிச்சுப்போட்டுப் போனை வெச்சுட்டாராம். ராக்கியப்பன் பக்கத்துல இருந்து கேட்டுட்டு வந்து சொன்னான். பதினோரு வருஷத்துச் சுத்தம் அம்மிணி. சும்மா வருமா அந்தப் பேரு?

நாலாவது தடவை நாப்பத்திமூணு திரிஞ்சுது. இனி வெச்சு ஆகாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மொத்தமும் கழிக்கோணும்.

குஞ்சுல இருந்து வளத்தது. இந்த உள்ளங்கையில நிக்கும் அப்ப. ஒவ்வொண்ணும் எந்த மூலையில முட்டை போடும், எது எதைக் கொத்தும், அத்தனையும் தெரியும் எனக்கு. பண்ணைக்குப் பின்னாடி குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு... வேண்டாம், நீ தின்னுக்கிட்டு இருக்கறே. அன்னிக்கு நான் அழுத அழுகை என்னையப் பெத்தவ போனதுக்கு அழுவுல. அத்தனையும் முடிஞ்சு ஆளுக எல்லாம் போயிட்டாங்க. நான் ஒருத்தி அந்தக் கொட்டகையக் கழுவினேன். மூணு நாளு. உமிய வாரி எரிச்சு, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு, தரையத் தேங்கா நாருல தேச்சு. கை வெந்து போச்சு, பாரு இந்தத் தழும்பை. ஈரத் தரையில இது ஒண்ணு மட்டும் நடந்து போயி நடுவுல நின்னு கூவுது. அத்தனையும் போயி இது ஒண்ணு மட்டும் கொழுகொழுன்னு. சாமி இதைக் காப்பாத்தி வெச்சிருக்குதுன்னா சும்மாவா?

எல்லாரு மேலயும் வெறுப்பாப் போச்சு. அந்தப் புள்ள மேல, டாக்டரு மேல, வர்ற போற காக்கா மேல. முனியப்பன் மேலயே வெறுப்பு வந்துச்சு. நான் கேட்டதை அவரு குடுக்குல, நான் எதுக்கு அறுக்கோணும்? வேண்டுதல் பலிக்காம நேந்ததை அறுக்க முடியாது. விக்கவும் முடியாது. நம்ம திங்கவும் கூடாது. என்ன பண்றதுன்னு தெரியாம இருந்தப்பத்தான் தங்கச்சி கலாமணி போனு பண்ணினா.

மூலனூருக்குப் பக்கத்துல அவளும் அவ ஊட்டுக்காரரும் புதுசாத் தாய்க்கோழி வெச்சிருக்கறாங்க. முன்னூறு. இருக்கற நகை நட்டையெல்லாம் போட்டு வெச்சது. சுத்துப்பட்டுல முப்பது வீட்டுப் பொம்பளைங்க குஞ்சுக்குச் சொல்லி வெச்சிருக்கறாங்களாம். "அக்கா, எனக்குப் பயமா இருக்குது, நீ வந்து கூட இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். உன்னைய மாதிரிச் சுத்தமா யாரு பாப்பாங்க"ன்னா. அழுதுட்டேன் அம்மிணி. பெத்த புள்ள கேக்கற மாதிரிக் கேட்டா.

அன்னிக்கே முனியப்பங்கிட்டப் போயிச் சொல்லிட்டேன். அங்க குடுக்காததை இங்க குடு, இந்தச் சாவலையே தங்கச்சி கொட்டகைக்கு மாத்தி நேந்துக்கறேன்னு. எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாச்சு. இன்னிக்குப் பொழுதோட கொட்டகையில விட்டுருவேன்.

என்ன சொல்றே? ரத்தம் பார்த்துட்டு விடறதா? நீயுமா அம்மிணி? தங்கச்சியும் நேத்து அதையேதான் சொன்னா. மாசா மாசம் ரத்தம் பாக்க ஒரு புள்ளைய வரச் சொல்லியிருக்கறாளாம். எங்கயோ வேலை போயி நிக்குதாம், நல்லாப் பாக்குமாம், பேரு தமயந்தியாம். எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னே தெரியல. அந்த நகமும் அவளும். அடுத்த வெள்ளிக்கெழமை வர்றாளாம். நான் ஒண்ணும் சொல்லிக்குல. வரட்டும். வெள்ளிக்கெழமை வெடியால, அவ வர்றதுக்கு முன்னாடியே, சாவலைத் தூக்கிக் கலாமணி ஊட்டு மாட்டுக் கொட்டாயில கவுத்துட்டாப் போச்சு.

மூலனூர் வந்துருச்சு. கண்டக்டருக்குச் சத்தம் குடு, அவன் எறங்கறவங்களைப் பாக்கவே மாட்டான். அதா, வண்டிய நிறுத்திக்கிட்டு நிக்கறாளே, பச்சைச் சேலை, அவதான் என்ற தங்கச்சி. எப்படி எளைச்சுப் போயிட்டா பாரு. அந்தக் கூடையச் சித்தெ தூக்கிக் குடு. அடியில புடி, ஆமா. மெதுவா.

சீ, என்ன பழக்கம் அம்மிணி இது. கோழிக் கூடையத் தொட்ட கையில அப்படியே கடலைய எடுத்து வாயில போடறே. மொதல்ல கையக் கழுவு.